மீனில்லாத 76 நாட்கள்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் காரில் அரை நாள் ஆகும் பெங்களூரில், மூன்றாவது மாடியில் நான் ஒரு கடல் வைத்திருக்கிறேன். நான்கடி நீளம், 240 லிட்டர். தண்ணீர் காவிரி. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கி.மீ. குழாயில் ஓடி, மூன்று கட்டமாக 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வரும் தண்ணீர். அதை ஆர்.ஓ. இயந்திரத்தில் விட்டு, லிட்டருக்கு 35 கிராம் வீதம் அதற்கென்றே விற்கும் உப்பைக் கரைத்தால் கடல் தயார்.

"மெட்ராஸ்ல மீஞ்சூர்லயும் நெம்மேலியிலயும் கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் குடிதண்ணிய கடல் தண்ணி ஆக்கறீங்க" என்று என் மனைவி ஒருமுறை சொன்னாள். ஒவ்வொரு கோடையிலும் லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது அந்த வாக்கியம் எனக்கு நினைவுக்கு வரும்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பாம்பனில் போய் நிற்கிறது. அங்கேதான் என் தாத்தா வீடு. அதன் பின்சுவர் முருகைக்கல்லால் கட்டியது. சுண்ணாம்பு உதிர்ந்த இடங்களில் கல்லுக்குள் பூப்பூவாகக் கோலம் தெரியும். அவை ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை என்று அப்பா சொன்னபோது எனக்கு எட்டு வயது. மன்னார் வளைகுடாவின் பவளத்தைச் சுவருக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வெட்டியெடுத்தது அந்தப் பக்கத்தில் ரகசியம் அல்ல. 1986இல் அங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயின. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. ஆகவே என் தொட்டியில் அந்த வகை எதுவும் இல்லை. செயற்கைப் பாறை, அதன் மேல் தோல் போல மடியும் மென்பவளங்கள், காளான் பவளங்கள். சுத்தம் செய்யும் இறால் இரண்டு, நத்தைகள், சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள்.

மீன்கள் நான்கே. டாம்செல் ஒன்று, நெருப்பு மீன் ஒன்று, கோமாளி மீன் ஜோடி ஒன்று. ஜோடிக்கு அப்போது ஏழு வயது. என் மகள் முதல் வகுப்பில் சேர்ந்த வாரம் வந்தவை. கோமாளி மீன்களின் குடும்பத்தில் பெரியது பெண். சிறியது ஆண். அது எப்போதும் ஒரு சாண் பின்னால் வரும். எங்கள் வீட்டில் அதைப் பற்றிய நகைச்சுவை ஏராளம். இங்கே வேண்டாம்.

2023 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நான் செய்தது நான் வழக்கமாகப் பிறருக்குச் செய்யாதே என்று சொல்லும் காரியம். கடையில் 'பவுடர் ப்ளூ' ஒன்று இருந்தது. வெளிர்நீல உடல், கறுப்பு முகம், முதுகு முழுக்க மஞ்சள் துடுப்பு. வாலடியில் கத்தி போல ஒரு முள் உண்டு. அதனால் ஆங்கிலத்தில் இதன் குடும்பத்துக்கு அறுவை வைத்தியர் என்று பெயர். என் தொட்டி அதற்குச் சிறியது என்று எனக்குத் தெரியும். வெள்ளைப் புள்ளி நோய் முதலில் பிடிப்பது இந்த மீனைத்தான் என்பதும் தெரியும். புது மீனை ஒரு மாதமாவது தனித் தொட்டியில் வைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

"நல்லா சாப்பிடுது சார், இப்பவே பாருங்க" என்றார் கடைக்காரர். பார்த்தேன், சாப்பிட்டது.

2020இல் நாட்டில் பால்காரர் முதல் பிரதமர் வரை எல்லோர் வாயிலும் புழங்கிய சொல் குவாரண்டைன். எங்கள் குடியிருப்பின் கதவுகளில் அதை எழுதிக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மூன்றே வருடத்தில் அது எனக்கு மறந்துவிட்டது. மீனைப் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, அரை மணி நேரத்தில் உள்ளே விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை அதன் துடுப்பில் நாலைந்து புள்ளிகள். ரவை ஒட்டியதுபோல இருந்தது. மாலையில் இருபது. பாறையில் உடம்பை உரசிக்கொண்டு போனது. மாமியார் அப்போது எங்களுடன் இருந்தார். "பூண்டு குடுத்துப் பாருங்க மாப்ள" என்றார். விஷயம் என்னவென்றால், அமெரிக்கா வரை மீன் வளர்ப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பூண்டுச் சாற்றில் ஊறவைத்த தீனி கொடுத்தேன். கடையில் போய், பவளத்துக்குத் தீங்கில்லாத மருந்து என்று எழுதியிருந்த ஒரு புட்டியையும் வாங்கி ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு புள்ளிகூட இல்லை.

அந்த நாளை நான் மறக்க மாட்டேன். மாமியாருக்கு வெற்றி, மருந்துப் புட்டிக்கு வெற்றி. நான் நிம்மதியாகக் காப்பி குடித்தேன். மூன்று நாள் எல்லாம் நன்றாக இருந்தது. புதன்கிழமை விடியற்காலை விளக்கைப் போட்டபோது, நான்கு பழைய மீன்கள் மேலும் உப்பை வாரி இறைத்ததுபோல் இருந்தது. பவுடர் ப்ளூ மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மறுநாள் இறந்துவிட்டது. அதே இரவு நெருப்பு மீனும் போயிற்று.

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்த நண்பன் ஒருவனுக்குப் போன் செய்தேன். பூண்டு, புட்டி, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை அது போகலடா. கீழே இறங்கிச்சு. அவ்வளவுதான்."

பிறகு அவன் ஒரு மணி நேரம் சொன்னதை நான் இங்கே சுருக்கித் தருகிறேன். உப்புநீர் மீன்களின் வெள்ளைப் புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. 1930களில் ஜப்பானில் சிக்காமா இதை விவரித்தார். 1951இல் பிரௌன் என்ற ஆய்வாளர் பெயர் வைத்தார். மறைந்திருக்கும் உட்கரு என்பது பெயரின் முன்பாதிக்குப் பொருள். மறைந்திருப்பது உட்கரு மட்டுமல்ல.

நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்றுகொண்டிருக்கும் பருவம். மூன்று முதல் ஏழு நாள் தின்னும். வயிறு நிறைந்ததும் தானே மீனை விட்டு இறங்கும். மணலிலோ பாறையிலோ ஊர்ந்து ஓர் இடம் பிடித்து, சுற்றிலும் ஓர் உறை கட்டிக்கொள்ளும். அந்த உறைக்குள் ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பிரிந்து, 200 வரை ஆகும். சில உறைகள் மூன்று நாளில் வெடிக்கும். சில நான்கு வாரம் கழித்து. இன்னும் நீண்ட காலம் கிடப்பவையும் உண்டு. வெளியே வரும் குஞ்சுகளுக்கு ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும்.

ஆக, என் பூண்டு வைத்தியம் பலித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நோய் தன் கணக்குப்படி சரியாக நடந்துகொண்டிருந்தது. எந்த வைத்தியம் செய்திருந்தாலும், செய்யாமலே இருந்திருந்தாலும் புள்ளிகள் மறைந்திருக்கும். உலகெங்கும் இத்தனை விதமான புட்டிகள் விற்பதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். வாங்கியவர் எல்லோருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்.

அவன் சொன்னதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. இந்த உயிரி மீனை விட்டு இறங்குவதும், உறையிலிருந்து குஞ்சுகள் வெளியே வருவதும் பெரும்பாலும் இருட்டில், விடிவதற்கு முந்தைய மணிகளில். ஏனென்றால் மீன் இரவில் ஒரே இடத்தில் ஒதுங்கித் தூங்கும். முந்தின வாரம் எந்தப் பாறை இடுக்கில் உறங்கியதோ அதே இடுக்கில்தான் இந்த வாரமும். இறங்கிய இடத்திலேயே காத்திருந்தால் போதும், இரை தானாக வந்து படுக்கும். கடலிலும் இது நடக்கிறது. ஆனால் அங்கே தண்ணீர் அகலமானது, குஞ்சுகளில் பெரும்பாலானவை வீணாகும். நான்கடித் தொட்டியில் ஒன்றுகூட வீணாகாது. ஆசிய நாடுகளில் கொடுவா மீனைக் கூண்டுகளில் நெருக்கி வளர்ப்பவர்களும் இதே உயிரியிடம் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, எனக்கு வரவேற்பறை அலங்காரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மருந்து இருக்கிறதா? இருக்கிறது. தாமிரம். நம் ஊர் மயில்துத்தத்தில் இருக்கும் அதே தாமிரம். மைசூர் சமஸ்தானத்தில் 1910 வாக்கில் லெஸ்லி கோல்மன் பாக்கு மரங்களின் அழுகல் நோயை ஆராய்ந்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களில் இன்றும் மழைக்கு முன் தெளிக்கிறார்கள். பூஞ்சைக்கு எமனான அந்த உலோகம் இந்த உயிரிக்கும் எமன்தான். தண்ணீரில் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் போதும். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனே போகும். அப்போதும் மீன் தோலுக்குள் இருப்பதையோ, உறைக்குள் இருப்பதையோ அது தொடாது. நீந்தி வரும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். ஆகவே எல்லாக் குஞ்சுகளும் வெளியே வந்து தீரும்வரை அளவு குறையாமல் வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

"அப்ப ஊத்திடறேன்" என்றேன்.

"ஊத்து. ஊத்தினா உன் இறால், நத்தை, நண்டு, பவளம் எல்லாம் போயிடும். முதுகெலும்பு இல்லாதது எதுக்கும் தாமிரம் ஆகாது. மணலும் பாறையும் அதைக் குடிச்சு வச்சுக்கும். அதுக்கப்புறம் அந்தத் தொட்டியில பவளத்தை வைக்கவே பயப்படணும்."

உப்பைப் பாதிக்கும் கீழே குறைப்பது இன்னொரு வழி. மீன் தாங்கும், உயிரி தாங்காது. ஆனால் பவளமும் இறாலும் தாங்கா. அதாவது, மீனையும் பவளத்தையும் ஒரே தண்ணீரில் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க வழியே இல்லை. மீன்களை வெளியே எடுத்து அங்கே தாமிரம். தொட்டியில் ஒரு மீனும் இல்லாமல், இரையில்லாமல் நோய் தானே சாகும்வரை காத்திருப்பு.

"எத்தனை நாள்?"

"76 நாள்னு வச்சுக்கோ. வளக்கறவங்க எல்லாரும் அந்தக் கணக்குத்தான் வச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி ஒரு மீன் விட்டாலும் மறுபடி முதல்லேர்ந்து."

சனிக்கிழமை இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சோடு நானும் மகளும் மீன் பிடித்தோம். தூங்கும் மீனைப் பிடிப்பது எளிது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் டாம்செல் பிடித்திருக்க மாட்டார்கள். ஏழு வருடமாக அடுக்கிய பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வாளியில் வைக்க வேண்டியதாயிற்று. கோமாளி ஜோடி மட்டும் ஓடவில்லை. வலையைக் கொண்டுபோனதும் பெண் மீன் என் விரலைக் கடிக்க வந்தது. எப்போதும் செய்வதுதான். பின்னாலேயே சிறியதும் வந்தது.

பின்பக்கக் குளியலறையில் 60 லிட்டர் பிளாஸ்டிக் டப். மணல் இல்லை, பாறை இல்லை. ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர், காற்றுக் குழாய். தாமிரத்தை ஒரேயடியாக ஏற்றக் கூடாது என்பதால் இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். காலையும் மாலையும் டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டு நிறம் பார்ப்பேன். இடையில் ஓர் இரவு மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரை டப்பின் விளிம்பில் கட்டிவிட்டு, குளியலறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்தில் என்னிடம் யாராவது உடம்பு சரியில்லையா என்று கேட்டால் வீட்டில் காய்ச்சல் என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அம்மோனியா ஏறியது. புது ஃபில்டரில் அதைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்திருக்கவில்லை. பாதித் தண்ணீரை மாற்றினேன், அதே உப்பு, அதே தாமிர அளவில். நான்காம் நாள் காலை பெண் மீன் குழாய்க்குள் சாய்ந்து கிடந்தது. வாய் மட்டும் அசைந்தது. செவுளுக்குள் போன உயிரிகளுக்குத் தாமிரத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். மத்தியானம் இறந்தது. செவுள்தான் காரணமா, முந்தின நாளின் அம்மோனியாவா என்று நான் பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன். இரண்டுமே என் கைக்குத்தான் வந்து சேர்கின்றன. மகள் பள்ளியிலிருந்து வந்து கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா, கொண்டுவந்த நீல மீனை ஒரு மாசம் இதே டப்புல வச்சிருந்தா?"

"வச்சிருந்தா இது நடந்திருக்காதும்மா."

அவள் வேறெதுவும் சொல்லவில்லை. சமையலறைக் காலண்டரை எடுத்துவந்து, பாறைகளைத் திரும்ப அடுக்கிய நாளிலிருந்து எண்ணி, ஏப்ரலில் ஒரு தேதியைப் பேனாவால் வட்டமிட்டாள்.

சிறியதும் டாம்செல்லும் பிழைத்தன. 30 நாள் தாமிரம், பிறகு வெற்று உப்புத் தண்ணீரில் கண்காணிப்பு. புள்ளி திரும்பவில்லை.

வெளியறையில் பெரிய தொட்டி விளக்கோடும் ஓட்டத்தோடும் மீனில்லாமல் இருந்தது. வந்தவர்களெல்லாம் "மீன் எங்கே?" என்றார்கள். மின்கட்டணம் வழக்கம்போல் வந்தது. முதல் இரண்டு வாரம் அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. இறாலுக்காக இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனி போடுவேன், திரும்பி வந்துவிடுவேன். மூன்றாவது வாரம் ஒருநாள் போட்டுவிட்டு நின்றேன். கண்ணாடியில் தூசி போல ஏதோ ஓடியது. தூசி இல்லை, கொசுவின் தலையளவு கூட இல்லாத ஓட்டுயிரிகள், நூற்றுக்கணக்கில். மீன்கள் இருந்த ஏழு வருடத்தில் இவை பகலில் தலைகாட்டியதே இல்லை. பாறை இடுக்கிலிருந்து நூல் போல நீண்ட கைகள் ஆடின. அவை நொறுங்கு நட்சத்திரங்கள், தீனி வாசனை பிடித்து வெளியே வருபவை. பாறைக்குப் பின்னாலேயே வாழ்ந்த இறால்கள் கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தன. நத்தை ஒன்று கண்ணாடியில் ஒழுங்கான வரிசையில் முட்டையிட்டது. கோமாளி ஜோடி தினமும் உரசி உரசித் தூங்கிய தோல் பவளம், தொந்தரவில்லாமல் முழுதாக விரிந்து, நான் வாங்கியபோது இருந்ததைப்போல் இரண்டு பங்கு இருப்பதைக் காட்டியது. மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மீன் இருந்தப்ப இதெல்லாம் எங்க இருந்துது மாப்ள?" என்றார். டி.வி. சீரியல் நேரத்திலும் அவர் அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு மாதம் நீடித்தது.

அந்த நாட்களில் மீன் விடும் ஆசை வராமலில்லை. 40ஆம் நாள் நான் நண்பனுக்குப் போன் செய்து, இந்நேரம் எல்லாம் செத்திருக்காதா என்று கேட்டேன். "செத்திருக்கலாம். நீ எந்த உறையைப் பாத்த?" என்றான். போனை வைத்துவிட்டேன். கடைக்காரர் ஒருமுறை தானே அழைத்தார். "புதுசா ஐட்டம் வந்திருக்கு சார்." வேண்டாம் என்றேன்.

ஏப்ரலில் வட்டமிட்ட தேதி வந்தபோது பெங்களூர் வெயிலில் தொட்டி 29 டிகிரி. மின்விசிறியைத் தண்ணீரின் மேல் திருப்பி வைத்து இறக்கினோம். மகள் கையாலேயே இரண்டையும் விட்டாள். டாம்செல் நேராகத் தன் பழைய இடுக்கைத் தேடிப் போயிற்று. சிறியது தோல் பவளத்தின் அருகே போய், தொடாமல், சிறிது நேரம் நின்றது. அதற்கு என்ன நினைவிருக்கும் என்பதெல்லாம் நாம் ஏற்றிச் சொல்வது. அன்றிரவு பவளத்துக்குள்தான் தூங்கியது.

அடுத்த சில மாதங்களில் அது வளர்ந்தது. கோமாளி மீன்களில் பெண் இறந்தால் எஞ்சிய ஆண் பெண்ணாக மாறும். படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. உடம்பு தடித்தது, நடை மாறியது. ஒருநாள் கண்ணாடி துடைக்கக் கையை விட்டபோது வந்து கடித்தது. அதுவரை என்னை ஒருமுறைகூடக் கடிக்காத மீன் அது.

அதற்குத் துணை தேட வேண்டும் என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்கிறார்கள். கடலில் பிடிக்காமல் தொட்டியில் பிறந்ததாகத்தான் வேண்டும் என்று கேட்டு, சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிதான ஒன்றை இந்த மாதம் வாங்கினோம். பொரிப்பகத்தில் பிறந்தது சுத்தமாகத்தான் இருக்கும் என்றார் கடைக்காரர். இருக்கலாம். ஆனால் நம் கைக்கு வரும் முன் அது கடைத் தண்ணீரில் பத்து நாள் நீந்தியிருக்கிறது.

இப்போது பின்பக்கக் குளியலறையில் மறுபடியும் டப், குழாய்த் துண்டு, ஸ்பாஞ்சு ஃபில்டர். கதவில் மகள் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள். இன்று 19ஆம் நாள். யாரும் குளிக்கக் கூடாது, பல் தேய்க்க மட்டும் அனுமதி.